புதுப்பட்டிக்குப் போன திரையில்லாத கணினி

மதுரை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கைப்பையைத் திறந்து அதை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். தடித்த புத்தகம் ஒன்றின் அளவு. மேலே தட்டச்சு செய்யப் பொத்தான்கள், நடுவில் நீளமாக ஒரு கட்டை, கீழே ஒரே வரிசையில் பொடிப்பொடித் துளைகள். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன சார் இது?”

“கம்ப்யூட்டர்.”

“ஸ்கிரீன் எங்க?”

“கிடையாது. கண் தெரியாதவங்க பயன்படுத்துறது.”

நம்பாமல் பார்த்தார். நான் பொத்தானை அழுத்தினேன். ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது. துளைகளிலிருந்து குட்டிக் குட்டி ஊசிமுனைகள் எழும்பி நின்றன. “விரலை வச்சுப் பாருங்க” என்றேன். வைத்தார். நான் அடுத்த வரிக்குப் போனதும் முனைகள் கலைந்து வேறு எழுத்துகளாக எழும்பின. அதிகாரி கையைச் சட்டென்று எடுத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரை அழைத்து, “இங்க வந்து கை வச்சுப் பாருய்யா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு” என்றார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் முணுமுணுத்தது. இருவரும் ஆசை தீரத் தொட்டுப் பார்த்த பிறகுதான் என்னை விட்டார்கள்.

அது என் தம்பி குணாவுடையது. அவனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. மலேசியாவில் எங்கள் ஊரான ஈப்போவில் ஒரு வங்கியின் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்க்கிறான். படிப்பு, எழுத்து, பாட்டு எல்லாம் பல வருடம் இந்தக் கையடக்கக் கணினியில்தான். போன வருடம் புதியது வாங்கிக்கொண்டான். பழையதை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கவே இல்லை. பார்வையற்றவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் குழு ஒன்றில், சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியிலிருந்து மகேஸ்வரி என்ற பெண் அவனுக்குப் பழக்கம். ஆசிரியர் வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறாள். “அவளுக்குத்தான், அண்ணே. நீ எப்படியும் காலண்டர் பார்க்கப் போறியே” என்றான்.

காலண்டர் விஷயம் உண்மைதான். எனக்கு மளிகைக் கடை. வாடிக்கையாளர்களுக்கு வருடப் பிறப்பில் கொடுக்கும் தினசரிக் காலண்டர் சிவகாசியில் அச்சாகி வரும். போன வருடம் அச்சகத்தில் யாரோ நல்ல மனதோடு என் ஊர்ப் பெயரைத் திருத்திவிட்டார்கள். கடைப் பெயருக்குக் கீழே “இப்போ, மலேசியா” என்று விழுந்துவிட்டது. வருடம் முழுவதும் கடைக்கு வருகிறவர்கள் “இப்போ மலேசியா, அப்போ எங்கே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்த முறை ப்ரூஃபை நேரில் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்பினேன்.

அன்று சாயங்காலம் விருதுநகரில் இறங்கினேன். எங்கள் ஊரில் மாலையானால் மழை. மலைக்குன்றுகள் வீட்டுக் கொல்லை வரை வந்து நிற்கும். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான நிலம். காற்று சூடாக முகத்தில் வந்து அப்புகிறது. பசியில் நுழைந்த கடையில் பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் தின்று வளர்ந்தவர்கள். பரோட்டாவில் எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு முதல் வாயிலேயே நொறுங்கியது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. சால்னாவை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

எதிர் மேசையில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பட்டாசுக் கம்பெனிக்காரர், இன்னொருவருக்கு மல்லாங்கிணற்றில் பருத்திக் காடு.

“மளை பேஞ்சா என் சீசன் போச்சு.”

“பேயலைன்னா என் பருத்தி போச்சு.”

“அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கோயிலுக்குப் போகக் கூடாதுய்யா.”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பில்லை யார் கொடுப்பது என்று அதற்கப்புறம் கைகலப்பே வந்துவிடும்போல் இருந்தது.

மறுநாள் காலை சிவகாசி அச்சகத்துக்குப் போனேன். பக்கம் வடிவமைக்கும் கணேசன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் மைக்கறை இருந்தது.

“அண்ணாச்சி, நீங்கதான் இப்போவா?”

“ஈப்போ.”

“அதான் மாத்திட்டேன், பாருங்க. சத்தியமா நான் அன்னைக்கு லீவு.”

பெயர் சரியாக இருந்தது. எங்கள் ஊர் விடுமுறைகளும் சரியாக இருந்தன. வந்த வேலை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. புதுப்பட்டிக்குப் போக வேண்டும் என்றேன். “பஸ்ஸு நின்னா ஏறிருங்க. யோசிச்சீகன்னா அடுத்தது எப்ப வரும்னு அவுகளுக்கே தெரியாது” என்று வாசல் வரை வந்து வழிகாட்டினார்.

வழியெல்லாம் பொட்டல். தூரத்தில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி ஒற்றை ஒற்றை அறைகளாகப் பட்டாசுத் தொழிற்சாலைகள். ஒன்றில் நெருப்புப் பிடித்தால் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதற்கே ஆயிரம் கட்டுப்பாடு. இங்கே பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் புடவை முந்தானையில் பட்டாசு மருந்தின் வெள்ளித் தூள் மினுமினுத்தது. அவர் சாதாரணமாக முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

மகேஸ்வரியின் அம்மா மாரியம்மாள் வாசலிலேயே காத்திருந்தார். அவரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். எனக்காக லீவு போட்டிருக்கிறார். “வாங்க அண்ணாச்சி, வாங்க. சாப்பிட்டீகளா? மொதல்ல தண்ணி குடிங்க” என்று சொம்பை நீட்டிய கையில், நகக்கண்களில், அதே வெள்ளி.

மகேஸ்வரி உள்ளே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்காது. நெற்றியிலும் கழுத்திலும் பழைய தீக்காயத்தின் வழவழப்பு. நான் என்ன பேசுவது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்துவிட்டாள்.

“குணா அண்ணன் குரலும் உங்க குரலும் ஒண்ணு போலவே இருக்கு. நீங்க கொஞ்சம் சளி பிடிச்ச குணா அண்ணன்.”

பள்ளிக்கூட லீவில் கம்பெனி வேலைக்குப் போயிருந்தபோது அறையில் உராய்வு ஏற்பட்டு வெடித்திருக்கிறது. அதை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டாள். அதற்கப்புறம் பார்வையற்றோர் பள்ளி, கல்லூரி, ஆசிரியர் பயிற்சி எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னாள். வலது கை விரல்நுனிகள் தீயில் தடித்துப்போய்விட்டதால் தொடுதிரை போன் அவள் விரலை மதிப்பதில்லை. இடது கையில் இரண்டு விரல்களால்தான் பிரெயில் என்கிற புள்ளி எழுத்தைப் படிக்கிறாள். “பட்டன் வேணும் அண்ணாச்சி. அமுக்குனா அமுங்கணும்” என்றாள்.

கணினியை அவள் மடியில் வைத்தேன். ஓரங்களைத் தடவினாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். முனைகள் எழும்பின. இடது விரல்கள் அவற்றின்மேல் ஓடின. வாய் லேசாக அசைந்தது. கட்டளைகளை எல்லாம் குணா போனிலேயே சொல்லிக் கொடுத்திருந்தான். என்னைவிட வேகமாக உள்ளே போய் வெளியே வந்தாள்.

“அம்மா, அந்தப் பெட்டிய எடு.”

மாரியம்மாள் பீரோவிலிருந்து ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வந்தார். உள்ளங்கை அளவு. பூப்போட்ட துணியில் சுற்றியிருந்தது. அதில்தான் அவள் பாடங்கள் எல்லாம் இருந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லா, புத்தகங்களைத் தன் போனில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். ஒரு தலைமை ஆசிரியை, இரண்டு கல்லூரிப் பெண்கள், ஸ்டெல்லாவின் மாமியார் என்று இன்னும் சிலரும் வாசித்திருக்கிறார்கள். வாசித்தவர்களின் போன் நிறைய நிறைய, ஒரு உறவினரின் லேப்டாப் வழியாக இதில் மாற்றிவிட்டு அங்கே அழித்துவிடுவார்களாம். லேப்டாப்போடு அந்த உறவினர் பெங்களூருக்குப் போய்விட்டார். மகேஸ்வரி பாடம் கேட்டுவந்த பழைய பட்டன் போனும் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. ஆகவே எல்லாக் குரல்களும் இந்த ஒரே பெட்டிக்குள்தான். தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன.

கணினியின் பக்கவாட்டில் யுஎஸ்பி துளை இருக்கிறது. வெளியிலிருந்து எதைச் சேர்க்க வேண்டுமானாலும் அங்கேதான். மகேஸ்வரி விரலால் தேடி ஒயரைச் செருகினாள்.

டிக். டிக். டிக்.

பெட்டிக்குள் ஏதோ சுற்றப் பார்த்து, முடியாமல் நின்றது. மறுபடி முயன்றது. கணினி ஒன்றும் சொல்லவில்லை. பிடுங்கிச் செருகினாள். அதே டிக் டிக். மாரியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

குணாவுக்குப் போன் போட்டேன். சத்தத்தைக் கேட்டதுமே, “உடனே கழட்டு அண்ணே” என்றான். “ஹார்ட் டிஸ்க் சுத்துறதுக்குக் கரண்ட் வேணும். அந்தக் குட்டி மெஷின் பேட்டரி அவ்வளவு கரண்ட் கொடுக்காது. தனியா சுவத்துல கரண்ட் எடுக்கிற ஹப், அதான் ஒயர் சொருகுற கட்டை, ஒண்ணு வாங்கி நடுவுல போடணும்.”

அன்று அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மாரியம்மாள் கருவாட்டுக் குழம்பும் கம்பஞ்சோறும் போட்டார். குழம்பு அபாரமாக இருந்தது. வயிறு நிறைந்தது. மனசுதான் நிறையவில்லை.

அடுத்த நாள் சிவகாசிக் கடைத்தெருவில் போன் கடை போன் கடையாக ஏறி இறங்கினேன். ஹப் என்றால் எல்லாரிடமும் இருந்தது. சுவரில் செருகும் ஹப் யாரிடமும் இல்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் பழைய சாமான் பெட்டியைக் கவிழ்த்து, “இதுவா பாருங்க. இத யாரு கேப்பாகன்னு தூக்கிப் போட்டு வச்சிருந்தேன்” என்று தூசி தட்டிக் கொடுத்தார். அதுவேதான்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது ஸ்டெல்லாவும் வந்திருந்தார். டியூட்டி உடையிலேயே இருந்தார். பேசும்போதே பாதி வாக்கியத்தை ஆண்டவரிடமும் பாதியை நம்மிடமும் சொல்கிறவர். “ஆண்டவரே, இன்னைக்காவது பேசட்டும். அண்ணாச்சி, பிளக்க அங்கன சொருகுங்க.”

குணாவைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் செருகினேன். ஹப்பில் விளக்கு எரிந்தது. மகேஸ்வரி டிஸ்க்கை இணைத்தாள். இந்த முறை டிக் டிக் இல்லை. உள்ளே சீராக ஒரு முனகல் கேட்டது. ஸ்டெல்லா கைதட்டிவிட்டார். கணினி பேசியது. அதன் ஆங்கிலத்தை மகேஸ்வரி சத்தமாகத் தமிழில் சொன்னாள்.

“பெட்டி வந்திருச்சுங்குது. ஆனா படிக்க முடியலையாம். ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது.”

“கேக்குதுல்ல, ஆமான்னு சொல்லு” என்றார் மாரியம்மாள்.

“பண்ணுனா படிச்சிருமா அண்ணாச்சி?”

எனக்குத் தெரியவில்லை. கணினியே கேட்கிறது, நல்லதற்குத்தான் கேட்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அவள் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே போய்விட்டது. அப்போது திறந்தே இருந்த போனிலிருந்து குணா கத்தினான். அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

“வேண்டாம்! மகேஸ்வரி, கையை எடு! எடுத்திட்டியா?”

அவள் இரண்டு கைகளையும் தூக்கிக் காற்றில் வைத்துக்கொண்டாள்.

“ஃபார்மட்னா சிலேட்டைத் துடைக்கிறது. ஒண்ணு கூட மிஞ்சாது.”

மாரியம்மாள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நானே பண்ணச் சொன்னேனே” என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஸ்டெல்லா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். மகேஸ்வரியின் கைகள் இன்னும் கீழே இறங்கவில்லை. “ஒண்ணும் ஆகலம்மா. இல்லைன்னு சொல்லிட்டு வெளிய வந்திருவோம்” என்றாள். அவள் குரல் நடுங்கியதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

குணா பொறுமையாக விளக்கினான். பெட்டிக்குள் கோப்புகளை அடுக்கி வைப்பதில் பல முறைகள் இருக்கின்றன. லேப்டாப் அடுக்கிய முறை ஒன்று, இந்தப் பழைய கணினிக்குத் தெரிந்த முறை இன்னொன்று. பாடங்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஒரு பெரிய கம்ப்யூட்டரில் போட்டு, இதற்குப் புரியும் முறையில் தயார் செய்த பென் டிரைவ்களுக்கு மாற்றினால் போதும். பென் டிரைவுக்குச் சுற்றுவதற்குக் கரண்டும் அதிகம் வேண்டாம்.

பெரிய கம்ப்யூட்டர் என்றதும் எனக்குக் கணேசன்தான் நினைவுக்கு வந்தார்.

மறுநாள் காலை டிஸ்க்கை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மாரியம்மாள் பூப்போட்ட துணிக்கு மேல் ஒரு துண்டையும் சுற்றிப் பைக்குள் வைத்தார். மகேஸ்வரி “பத்திரம்” என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். பஸ்ஸில் கூட்டம். பையை மேல் தட்டில் வைத்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் போனில் யாரையோ “வரும்போது வெங்காயம் வாங்கியா, வராட்டியும் வெங்காயம் வாங்கியா” என்று மிரட்டிக்கொண்டிருந்ததை ரசித்துக்கொண்டே வந்தேன். சிவகாசி வந்தது. இறங்கினேன். பஸ் கிளம்பியது. என் கைகள் இரண்டும் காலியாக இருந்தன.

பின்னால் ஓடினேன். ஐம்பத்தைந்து வயதில், கொளுத்தும் வெயிலில், செருப்போடு ஓடினேன். பஸ் திருப்பத்தில் மறைந்தது. அது சாத்தூர் போகிற பஸ் என்று ஒரு பழக்கடைக்காரர் சொன்னார். ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. அந்தப் பக்கம் போகும் லோடு வண்டி ஒன்றைக் கையைக் காட்டி நிறுத்தினேன். டிரைவர் மீசைக்காரர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பீடி, சிகரெட்டு பளக்கம் உண்டுமா?”

“இல்லை.”

“அப்ப ஏறுங்க. பின்னால பூராம் வெடி.”

ஏறினேன். வண்டி ஊர்ந்தது. ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போனது. “கொஞ்சம் வேகமா…” என்று ஆரம்பித்தேன்.

“அண்ணாச்சி, இந்த லோடுக்கு இம்புட்டு வேகந்தான். எனக்கு அச்சங்குளத்துல பொண்டாட்டி புள்ளைக இருக்கு.”

“பைக்குள்ள என்ன இருக்கு, பணமா?” என்று கேட்டார். மகேஸ்வரியைப் பற்றிச் சொன்னேன். நான் முடிக்கும் வரை அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடித்ததும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, இறங்கிப் போய், வெடி லோடை விட்டு வெகுதூரம் தள்ளி நின்றுகொண்டு போனை எடுத்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. நேரம் போகிறதே! அங்கிருந்து அவர் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

“ஏலே, டீக்கடையிலயா இருக்க? புதுப்பட்டி பஸ்ஸு வரும். அத எங்கயும் போக விடாத. குறுக்க படுத்தாலும் சரி. மேத்தட்டுல ஒரு பை இருக்கு, அதுல ஒரு பிள்ளையோட படிப்பு இருக்குன்னு கண்டக்டர்ட்ட சொல்லு.”

திரும்பி வந்து உட்கார்ந்து, அதே வேகத்தில் ஊர்ந்தார். “எங்க ஊர்லயும் இப்படிப் பிள்ளைக இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

சாத்தூர் பஸ் நிலையத்தில் புதுப்பட்டி பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் டிரைவர் போனில் பேசிய டீக்கடைக்காரர் இடுப்பில் துண்டோடு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்குள்ளிருந்து ஆளாளுக்கு அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அசையவில்லை. கண்டக்டரின் மடியில் என் பை.

“உங்க பையா சார்? என்ன இருக்கு உள்ள, சொல்லுங்க.”

“பூப்போட்ட துணியில சுத்தின கறுப்புப் பெட்டி.”

“பெட்டிக்குள்ள?”

“ஒரு பொண்ணோட பாடம். கண்ணு தெரியாத பொண்ணு. அதுக்காக நெறைய பேர் வாசிச்ச குரல்.”

ஜன்னலோரத்திலிருந்து அதுவரை உரக்கத் திட்டிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்தினார். “இத மொதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப நிக்கட்டும்யா பஸ்ஸு. கொடுங்க, அவர் கையில கொடுங்க மொதல்ல” என்று கண்டக்டரை அதட்டினார்.

பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். லோடு வண்டிக்காரருக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். வண்டி நெடுஞ்சாலைப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. டீக்கடைக்காரர் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். எதையாவது வாங்காமல் எனக்கு மனம் ஆறவில்லை. அடுத்த கடையில் காராசேவு வாங்கிக் குவித்துக்கொண்டு, பை மடியில் இருக்க, திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தேன். அந்தக் காரமும் பூண்டு வாசனையும் இன்னும் என் சட்டையில் இருப்பதாகத்தான் நினைக்கிறேன்.

கணேசனிடம் கதையைச் சொன்னேன். சீசன் நேரம். மேசையில் வேலை குவிந்து கிடந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பாதியில் நிறுத்திவிட்டு டிஸ்க்கைச் செருகினார். திரையில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. “தமிழ் இலக்கணம்”, “வரலாறு”, “ஸ்டெல்லா அக்கா அறிவியல்”. கண்ணால் பார்த்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பென் டிரைவ்களைக் கணினிக்குப் புரியும் முறையில் தயார் செய்துகொண்டு, கோப்புகளை மாற்ற ஆரம்பித்தார். நடுவில் கரண்ட் போனது. பேட்டரி தாங்கியது. ஒரு இடத்தில் டிஸ்க் மறுபடியும் டிக் டிக் என்றது. “கல்வி உளவியல்” என்ற தொகுப்பு மட்டும் நகரவே இல்லை. கணேசன் மூன்று முறை முயன்றார். ஒயரை மாற்றிப் பார்த்தார். வரவில்லை.

“பெட்டிக்கு வயசாயிருச்சு அண்ணாச்சி. இது மட்டும் போச்சு. மத்ததெல்லாம் வந்திருச்சு. என் கம்ப்யூட்டர்லயும் ஒரு காப்பி போட்டு வச்சிருக்கேன். எப்ப வேணும்னாலும் அந்தப் பாப்பாவ கேக்கச் சொல்லுங்க.”

புதுப்பட்டிக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. பஸ்ஸில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். மாரியம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மகேஸ்வரி டீக்கடைக்காரர் கையை விரித்து நின்ற இடத்தை இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிச் சிரித்தாள். உளவியல் போய்விட்டது என்றதும் முகம் வாடியது.

“தலைமை டீச்சர் வாசிச்சதுதான? கிளாஸ்ல நடத்துற மாதிரியே வாசிச்சிருந்தாக” என்றாள்.

“புத்தகம் எங்கிட்டத்தான் இருக்கு. நான் வாசிக்கிறேன். என்ன, அவுக மாதிரி வராது” என்றார் ஸ்டெல்லா.

முதல் பென் டிரைவைச் செருகினாள். கணினி உடனே கண்டுகொண்டது. பட்டியலைத் திறந்தாள். மௌனம். அடுத்ததற்குப் போனாள். மௌனம். விரலுக்கடியில் முனைகளும் அர்த்தமில்லாமல் எழும்பின.

“ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதே” என்றாள் மெல்ல.

குணாவுக்குப் போன் போட்டேன். அவன் யோசித்தான். பிறகு சிரித்துவிட்டான். “பேரெல்லாம் தமிழ்ல இருக்கு. அந்த இங்கிலீஷ்காரிக்குத் தமிழ் தெரியாது. அதான் வாயை மூடிக்கிட்டிருக்கா. பேரைப் பத்திக் கவலைப்படாதே, திற.”

மகேஸ்வரி பொத்தானை அழுத்தினாள்.

குக்கர் விசில்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னால், “பாடம் நாலு, தாவரங்களின் சுவாசம்… ஏய், அடுப்ப அணைங்கடி” என்று ஸ்டெல்லாவின் குரல் வீட்டையே நிறைத்தது. நிஜ ஸ்டெல்லா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டார். மாரியம்மாள் சிரித்துக்கொண்டே அழுதார், அல்லது அழுதுகொண்டே சிரித்தார்.

அடுத்த நாள் நான் விடைபெற்றுக்கொள்ளப் போனபோது, பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் திறந்து, குரலைக் கேட்டு, அது யார், எந்தப் பாடம் என்று கண்டுபிடித்து, புள்ளிப் பொத்தான்களில் ஆங்கில எழுத்தில் மகேஸ்வரியே புதுப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ஸ்டெல்லா, புதிதாகப் பதிவு செய்த உளவியல் முதல் பாடத்தைக் காலையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

“இங்கன உக்காருங்க அண்ணாச்சி” என்று எனக்கு ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் கொடுத்தாள். வரலாற்றுப் பாடம். முன்னால் போனாள், பின்னால் வந்தாள். “இல்ல, இதுக்கும் அடுத்தாப்புல. இல்ல, இன்னும் கொஞ்சம்.” வாசித்துக்கொண்டிருந்த குரல் திடீரென்று பலமாகத் தும்மியது. அவள் முகம் மலர்ந்தது.

“இந்தத் தும்மல் வரைக்குந்தான் கேட்டேன். அப்பத்தான் போன் தொட்டியில விளுந்துச்சு.”

என் காதிலிருந்த பக்கத்தையும் வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். தும்மலுக்கு அடுத்த வாக்கியத்திலிருந்து கேட்க ஆரம்பித்தாள். கேட்டதைக் குறிப்பெடுத்து, இடது விரல்களால் புள்ளிகளின் மேல் அதைச் சரிபார்த்துக்கொண்டே போனாள்.

“அப்ப நான் கிளம்புறேன்மா” என்றேன்.

அவள் பாடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாரியம்மாளுக்குச் சங்கடமாகிவிட்டது. “ஏ மகேசு, பெரியவுக கிளம்புறாக. எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லு.”

மகேஸ்வரி ஒரு கையை மட்டும் தூக்கினாள். இருங்கள், பேசாதீர்கள் என்கிற சைகை. தலை நிமிரவில்லை.

“விடுங்கம்மா, படிக்கட்டும்” என்றேன்.

மாரியம்மாள் சாப்பாட்டுப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு வாசல் வரை வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டதும், உள்ளே சத்தம் போகாமல், கதவை மெதுவாகச் சாத்தினார்.